புதுப்பிப்பு: 76 அலகு 55 ஆகக் குறைந்தது

கிளிநொச்சியில் மூவர் மட்டும் வாழும் எங்கள் வீட்டுக்கு மாதம் 76 அலகு மின்சாரம் ஏன் செலவாகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இரவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மின்மானியைப் பார்க்கச் சொன்ன அண்ணருக்கு முதலில் என் நன்றி. மானி அசையவில்லை, ஆனால் விடியும்போது தண்ணீர்த் தாங்கி பாதியாகியிருந்தது. மலசலகூடத்தில் நீர் அடித்துவிடும் தொட்டியைத் திறந்தபோது, கிணற்று நீரின் சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்த றப்பர் வளையத்தின் ஓரத்தால் பென்சில் தடிப்பில் நீர் இடைவிடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து தாங்கிக்கு நீரேற்றும் ஒரு குதிரைவலு மோட்டார் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு செலவாகும். எங்களுடையது வீணாகிய நீருக்காகவே நாள்தோறும் முக்கால் மணித்தியாலம் வரை ஓடியிருக்கிறது. வளையத்தை மாற்றினோம், இம்மாதம் 55 அலகுதான். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை உயர்ந்துவிடுவதால், அலகு குறைந்த வீதத்தைவிடக் கட்டணம் குறைந்த வீதம் அதிகம். குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பரை இனித்தான் பார்க்க வேண்டும்.