‘ஆன் ஸ்பெக்’, ‘டு ஸ்பெக்’: இரண்டுக்கும் ஒரே பொருளா?

கேள்வி:
வணக்கம். கட்டுமான நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையைத் தமிழாக்கி வருகிறேன். முதல் 12 வீடுகள் ‘ஆன் ஸ்பெக்’ கட்டப்பட்டன என்றும், எஞ்சியவை ‘டு ஸ்பெக்’ கட்டப்பட்டன என்றும் அதில் ஒரே வாக்கியத்தில் வருகிறது. ஸ்பெக் என்பது ஸ்பெசிஃபிகேஷன் என்பதன் சுருக்கம் என்று மட்டுமே அறிந்திருந்ததால், இரண்டு இடங்களிலும் ‘விவரக்குறிப்பின்படி கட்டப்பட்டன’ என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் அவ்வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டு, ‘இரண்டும் ஒன்றென்றால் மூலத்தில் பிரித்துச் சொல்வானேன்?’ என்று ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறார். அகராதியைப் புரட்டினால், ஸ்பெக்ஸ் என்பதற்கு மூக்குக்கண்ணாடி என்ற பொருளும் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மெய்ப்புப் பார்த்தவர் கேட்டது சரியான கேள்வி. ஸ்பெசிஃபிகேஷன், ஸ்பெகுலேஷன், ஸ்பெக்டக்கிள்ஸ் ஆகிய மூன்று சொற்கள் தேய்ந்து ஏறத்தாழ ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன. பார்த்தல் என்று பொருள்படும் ‘ஸ்பெகெரெ’ என்ற இலத்தீன் வினையே மூன்றுக்கும் வேர் என்றாலும், இன்றைய வழக்கில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும்போது சொல் எப்போதும் பன்மையிலேயே வரும் என்பதால், உங்கள் வாக்கியத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

‘டு ஸ்பெக்’ என்பதற்கு நீங்கள் எழுதியதே பொருந்தும். ‘ஆன் ஸ்பெக்’ என்பதில் இருப்பதோ ஸ்பெகுலேஷன். வாங்குபவர் யாரென்று முடிவாகாத நிலையில், முன்பணமோ ஒப்பந்தமோ இல்லாமல், பிறகு விற்றுவிடலாம் என்று எண்ணிக் கட்டுபவர் தம் சொந்தப் பொறுப்பில் இறங்கிச் செய்யும் வேலையை அது குறிக்கிறது. அகராதியில் ஸ்பெகுலேஷனுக்கு ஊகம் என்று இருப்பதைப் பார்த்து ‘ஊகத்தின் பேரில் கட்டப்பட்டன’ என்று எழுதிவிடாதீர்கள். வரைபடமே இல்லாமல் கட்டிய வீடுகள் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அமெரிக்கத் திரைத்துறையில் ‘ஸ்பெக் ஸ்கிரிப்ட்’ என்றால், யாரும் எழுதித்தரக் கேட்காமல் எழுத்தாளர் தாமே எழுதி விற்க முயலும் திரைக்கதை, அங்கும் ஸ்பெகுலேஷன்தான். ஆனால் நான் பணியாற்றும் மென்பொருள் துறையில் ஸ்பெக் என்றால் ஸ்பெசிஃபிகேஷன்தான், மற்றொரு பொருளை யாரும் நினைப்பதில்லை. இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஆங்குலர் போன்ற கட்டமைப்புகளில், நிரலைச் சோதிக்கும் கோப்பின் பெயரிலேயே ‘.ஸ்பெக்’ என்று வரும், ஏனெனில் நிரல் எவ்வாறு இயங்கவேண்டும் என்பதை அந்தக் கோப்பு வரையறுக்கிறது. ‘ஆஃப் ஸ்பெக்’ என்ற தொடரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எரிபொருள், வேதிப்பொருள் போன்றவை குறித்த தரத்துக்குள் அமையவில்லை என்பதே அதன் பொருள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘முதல் 12 வீடுகள், வாங்குவோர் முடிவாகும் முன்னரே நிறுவனத்தின் சொந்தப் பொறுப்பில் கட்டப்பட்டன, எஞ்சியவை, வாங்குவோர் அளித்த விவரக்குறிப்பின்படி கட்டப்பட்டன’ என்று திருத்தியிருக்கிறேன். இன்னும் ஓர் ஐயம். வேறொரு பக்கத்தில், முன்னால் ‘ஆன்’, ‘டு’ எதுவுமில்லாமல் ‘ஸ்பெக் வீடுகள்’ என்று மட்டும் வருகிறது. அதை எப்படிக் கொள்வது?

மறுமொழி 1:
திருத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விவரக்குறிப்பை அளித்தவர் வாங்குபவர்தான் என்பதை மூலத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், நிறுவனத்தின் சொந்த அளவுகோலாகவும் இருக்கலாம். கட்டுமானத் துறையில் ‘ஸ்பெக் வீடு’ என்பது, வாங்குபவர் அமையும் முன்பே விற்பனைக்கெனக் கட்டியதையே குறிக்கும். அருகில் விற்காமல் இருக்கும் வீடுகளைப் பற்றியோ கடன் வட்டியைப் பற்றியோ பேச்சு வந்தால், ஐயமே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அடுத்த வரியே விற்காத மூன்று வீடுகளைப் பற்றியதுதான். விவரக்குறிப்பைத் தந்தவர்கள் வாங்குவோரே என்று பின்னிணைப்பில் இருக்கிறது. இரண்டு இடங்களையும் திருத்தி அனுப்பிவிட்டேன்.