என்ஜின்எக்ஸ் 1.26: எச்டிடிபி2 வரிக்கு எச்சரிக்கை வருகிறது

கேள்வி: நேற்று இரவு என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மென்பொருளை 1.26-க்கு ஏற்றினேன். தளங்கள் ஓடுகின்றன. ஆனால் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) சோதனையில், எந்த போர்ட்டில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் 'லிஸன்' வரியில் எச்டிடிபி2 (இணையப் பக்கங்களை அனுப்பும் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு) போடுவது வழக்கொழிகிறது என்று பதினொரு எச்சரிக்கைகள். அப்படியே விடலாமா?

பதில்: இப்போதைக்கு ஓடும், ஆனாலும் விடாதீங்க. 2023-இல் வந்த 1.25.1 முதல் எச்டிடிபி2-க்குத் தனி வரி. 'லிஸன் 443 எஸ்எஸ்எல் எச்டிடிபி2' என்பதில் கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் 'எச்டிடிபி2 ஆன்' என்று எழுதி அரைப்புள்ளி வையுங்கள்.

இன்னொருவர்: மாற்றிய கோப்பை எல்லா சர்வருக்கும் நகலெடுத்துவிடாதீங்க. நான் உபுண்டு 24.04 லினக்ஸில் போட்டேன், அங்கே இருப்பது என்ஜின்எக்ஸ் 1.24. புது வரியே அதற்குத் தெரியாது. ரீஸ்டார்ட் செய்ததும் படுத்துவிட்டது. முதலில் பதிப்பைப் பாருங்கள்.

கேட்டவர்: நல்ல வேளை சொன்னீங்க, என் பழைய சர்வரும் 1.24தான். அதைத் தொடவில்லை. இங்கே பதினொன்றையும் மாற்றி ரீலோடு செய்துவிட்டேன், எச்சரிக்கை இல்லை.