பொள்ளாச்சிப் பக்கம் நாய்க் காப்பகத்துக்குப் பையன் பொறந்தநாளுக்குப் போலாமுங்களா?

திருப்பூர் அம்மிணி:
வணக்கமுங்க. பொள்ளாச்சி தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள்ள தெருநாய்களை வச்சுப் பாத்துக்கற காப்பகம் இருக்குது. ஞாயித்துக்கிழமை பையனுக்கு 7 வயசு முடியுது. கேக் வேண்டாம், நாய்களுக்குச் சோறு போடணும்னு ஒரே அடம். ஒரம்பரைக் குழந்தைகளோட 15 பேரு. வேன் பேசியாச்சு, ஒரு தேக்சா பிரியாணியும் சொல்லியாச்சு. போன் பண்ணினா, "நாலு பேருக்கு மேல வேண்டாம், சோறு கொண்டாராதீங்க"ன்னுட்டாங்க. வீட்ல நாய்க்குட்டி இருக்குதான்னு வேற கேட்டாங்க. இருக்குது, ரெண்டு மாசக் குட்டி. அதை எதுக்குங்க கேக்கறாங்க? பேசாம நேராப் போயி நின்னா விடமாட்டாங்களா?

ஈரோட்டுக்காரன்:
போங்க அக்கா. வாசல்ல வந்து நிக்கற குழந்தைகளைத் திருப்பியா அனுப்புவாங்க?

ஞாயிறு வாலண்டியர்:
அனுப்புவோம் தம்பி. நான் அவிநாசிப் பக்கம் ஒரு காப்பகத்துல கூட்டிப் பெருக்கறவன்.

அக்கா, 15 பேரு ஒண்ணா நுழைஞ்சா ஒண்ணு குரைக்கும், அதைப் பாத்து அத்தனையும் குரைக்கும், கடைசில சண்டைல முடியும். பலதும் அடிபட்டு வந்ததுங்க, பலூன் வெடிச்சாலே மூலைல ஒடுங்கிக்கும். பிரியாணி சுத்தமா ஆகாது. வெங்காயம் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசியாட்டம் பொளந்து குடலைக் குத்தும்.

குட்டி விசயந்தான் பெருசு. பார்வோன்னு நாய்களுக்கு வர்ற வைரஸ் கிருமி மண்ணுல மாசக்கணக்கா உசுரோட கெடக்கும். உங்க செருப்புல ஒட்டி வீட்டுக்கு வந்துரும். தடுப்பூசி 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கொருக்கா, 16 வாரம் வரைக்கும் போடணும். அது முடியாத குட்டிக்கு வந்தா ரத்தமா பேதியாகும், வைத்தியம் பாக்காட்டி சில நாள்லயே உசுரு போயிரும். கை கழுவற சானிடைசருக்கு அது சாகாது. 1 பங்கு ப்ளீச், 30 பங்கு தண்ணி, 10 நிமிசம் செருப்பை ஊற வைங்க. போட்ட துணியோட குட்டிகிட்டப் போகாதீங்க.

கட்டுத்தரை:
குழந்தையக் கூட்டிட்டுப் போறதால ஒண்ணு சொல்றேன் கண்ணு. பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறுனா மஞ்சள், சுண்ணாம்புன்னு எதையும் அப்பக்கூடாது. சோப்புப் போட்டு ஓடற தண்ணில 15 நிமிசம் கழுவி, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரி. ஊசி அங்க இலவசந்தான். தின்னுட்டிருக்கற நாயத் தொடக்கூடாதுன்னு இப்பவே சொல்லி வைங்க.

திருப்பூர் அம்மிணி:
சரீங்க, வேனை நிறுத்திட்டேன். பிரியாணி ஒரம்பரைக்கே. வெறுங்கையோட போகவும் மனசில்லைங்க. வீட்டுக்காரர் கம்பெனில பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக் கெடக்குது, ஆகுமுங்களா?

ஞாயிறு வாலண்டியர்:
படுக்கைக்கு அருமையா ஆகும். பெரிய துண்டா மட்டும் பொறுக்குங்க. நூல் கத்தையும் நாடாவும் வேண்டாம், குட்டிக முழுங்கிக் குடல் அடைச்சுக்கும். அரிசி குடுக்கறதுன்னா கேட்டுட்டு வாங்குங்க.

திருப்பூர் அம்மிணி (ஞாயிறு ராத்திரி):
பல்லடம் வழியா பஸ்ல நாங்க மூணு பேருமாப் போயிட்டு வந்துட்டோமுங்க. சோத்துத் தட்டுக் கழுவற வேலை குடுத்தாங்க, பையன் நகரவே இல்லை. ஒரு கெழட்டு நாய் அவன் புதுச் சட்டைல ஒண்ணுக்கு அடிச்சிருச்சு. வாசல்லயே எல்லாத்தையும் கழட்டி, நீங்க சொன்ன ப்ளீச் தண்ணில செருப்போட சட்டையையும் சேர்த்துப் போட்டுட்டேன். கருநீலச் சட்டை இப்பத் திட்டுத்திட்டா வெளுத்துக் கெடக்குது. சாயப்பட்டறை ஊர்க்காரி, சிரிக்காதீங்க.