ஏழு புள்ளிக்கு எவ்வளவு கட்டணம்?

கணக்குப்பிள்ளை:
குழந்தை வளர்ப்பு இழையில் ஏழாம்சுரம் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "இசை வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு ஐக்யூ ஏழு புள்ளி கூடும், ஆராய்ச்சியில் நிரூபித்தாயிற்று, இதற்கும் கட்டணக் கணக்குப் பார்க்கிறவர்கள் பிள்ளையின் மூளையில் மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று போட்டிருக்கிறார். நான் கணக்குப் பார்க்கிற ஆள்தான், பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த ஏழு எங்கிருந்து வந்தது தெரியுமா? கிளென் ஷெல்லன்பர்க் என்பவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம், நாலாவதற்கு ஒன்றுமே கிடையாது. வருட முடிவில் இசை கற்றவர்களுக்கு ஏழு கூடியிருந்தது, உண்மை. இசையே கற்காத மற்ற பிள்ளைகளுக்கும் 4.3 கூடியிருந்தது! பள்ளிக்கூடம் போனாலே அவ்வளவு கூடும். மிச்சம் 2.7. இந்த 2.7க்குத்தான் எங்களைக் கஞ்சப் பெற்றோர் ஆக்கிவிட்டார்.

ஏழாம்சுரம்:
பெயர் சொல்லியே இழுத்துவிட்டீர்கள், சந்தோஷம். "ஏழு கூடியிருந்தது, உண்மை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதான். அப்புறம் எதற்கு இத்தனை நீளம்? என் மகள் விவரம் தெரிந்த நாளிலிருந்து வயலின் வாசிக்கிறாள், படிப்பிலும் முதலிடம். எனக்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

கணக்குப்பிள்ளை:
கூடியது ஏழு. இசையால் கூடியது 2.7. இரண்டும் ஒன்று என்றால் கழித்தலையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். முதலிடம் பிடிக்கிற பிள்ளையின் வீட்டில் வகுப்புக்குக் கொண்டுபோய் விட ஒருவருக்கு நேரம் இருக்கும், உட்கார்ந்து பேச ஆள் இருக்கும், புத்தகம் இருக்கும். இதில் எது இசையின் வேலை, எது வீட்டின் வேலை என்று பிரிக்கத்தான் குலுக்கல் முறையில் குழு பிரித்தார்கள். இன்னொன்றையும் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் இலவசம்! ஆறு ஆறு பேராக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைக் காட்டி எங்களைத் தனி வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்கிறீர்கள்.

ராத்திரிகிடார்:
இலவசம் என்றால் காணொளி இருக்கிறதே. நான் வேலை முடிந்து வந்து ராத்திரியில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கற்றேன், யாருக்கும் ஒரு காசு கொடுத்ததில்லை. வாத்தியார் என்பது பழைய ஏற்பாடு.

வில்லும்நாணும்:
நான் வயலின், கீபோர்டு இரண்டும் சொல்லிக்கொடுக்கிறேன். காணொளியில் கற்று வருகிறவர்களை முதல் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். வலக்கையால் ச முதல் மேல் ச வரை எட்டு வெள்ளைக்கட்டையை வாசிக்கச் சொல்வேன். மூன்றாவது கட்டையில் நடுவிரல் இருக்கும்போதே கட்டைவிரல் அதன் அடியில் நுழைந்து நாலாவது கட்டைக்குப் போக வேண்டும். இவர்கள் சுண்டுவிரல் வரை ஓட்டிவிட்டு, கையைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார்கள். மெதுவாக வாசித்தால் தெரியாது. வேகம் கூட்டினால் நடுவில் ஒரு வெட்டு விழும். அந்தப் பழக்கத்தைக் கழற்ற ஆகும் காலத்தில் புதிய பிள்ளை இரண்டு பாடம் தாண்டிவிடும். கட்டணம் அந்தக் கட்டைவிரலைப் பார்க்கிற கண்ணுக்கு. ஐக்யூவுக்காக என்னிடம் யாரும் வர வேண்டாம்.

ராத்திரிகிடார்:
கிடாரில் கட்டைவிரல் பின்னால் இருக்கும் மேடம்.

கறுப்புக்கட்டை:
கீபோர்டு என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எத்தனை கட்டை என்று யாரும் சொல்லவில்லை. பியானோவில் 88. பாதிப் பேர் 61 கட்டைப் பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்கிறார்கள். அழுத்தினால் கனமே தெரியாத கட்டையில் விரலுக்கு எப்படி பலம் வரும்?

ஏழாம்சுரம்:
பேச்சு மாறுகிறது. ஏழு கூடியதா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ஒரே எண்ணில் தருகிறேன்: 2.7. அதுவும் ஒரே ஓர் ஆய்வில். 2020இல் சாலா, கோபே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 7000 பிள்ளைகள். இசைக்குப் பதிலாக வேறு ஏதாவது கற்ற பிள்ளைகளோடு ஒழுங்காக ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால், அறிவுக்கோ படிப்புக்கோ கிடைத்த பலன் ஏறக்குறைய பூஜ்யம். இந்த வியாபாரம் புதிதும் அல்ல. 1993இல் கல்லூரி மாணவர்கள் 36 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பத்து நிமிடம் மொசார்ட் கேட்டதும் ஒரு வகைத் தேர்வில் கொஞ்சம் மேலாகச் செய்தார்கள், அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதை வைத்து 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். ஏழாம்சுரம் அன்று அங்கே இருந்திருந்தால் ஆலோசகர் பதவி கிடைத்திருக்கும்.

ஏழாம்சுரம்:
கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. நான் சொன்னது வாசிப்பதைப் பற்றி, நீங்கள் கேட்பதைப் பற்றிச் சொல்கிறீர்கள். 54 ஆய்வு என்று சொல்லி ஏழை மறைக்கப் பார்க்கிறீர்கள். 2004இல் ஏழு.

பழையவாசகி:
கணக்குப்பிள்ளை யார் என்று புதியவர்களுக்குத் தெரியாது. "நாங்கள் வராத வகுப்புக்கு எதற்குப் பணம்" என்று முன்பு இங்கே பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் இழையையே பூட்ட வைத்தவர் இவர்தான். இன்று ஆராய்ச்சியாளர் வேஷம்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லையே பழையவாசகி? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முந்தின நாளே சொல்லியும் முழுக் கட்டணம் போனது. வாத்தியார் வராத நாளுக்கு மட்டும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்". அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

வில்லும்நாணும்:
நான் பதில் சொல்கிறேன் சார். உங்கள் பிள்ளைக்கு என்று ஒதுக்கிய அரை மணியை அன்று வேறு யாருக்கும் விற்க முடியாது. என் மாத வருமானமே அந்த அரை மணிகளின் கூட்டல்தான். நீங்கள் கட்டணத்தை வகுப்பு நேரத்தால் வகுக்கிறீர்கள், அதனால்தான் வயிறு எரிகிறது. வீட்டில் வாசிக்கிற நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் என்னிடம் அரை மணி. மீதியில் பெட்டியே திறக்கவில்லை என்றால் ஒவ்வொரு வாரமும் போன வாரப் பாடத்தையே மறுபடி விலைக்கு வாங்குகிறீர்கள். தினம் இருபது நிமிடம் வாசிக்கிற பிள்ளைக்கு அதே கட்டணம் மலிவு.

கணக்குப்பிள்ளை:
அருமை. வீட்டில் வாசிக்கிற நேரம் எங்களுடையது, உட்கார வைக்கிற சண்டை எங்களுடையது, அதையும் உங்கள் கட்டணத்துக்கு அடியில் போட்டு மலிவு என்கிறீர்கள். வயலின் செலவையும் சேருங்கள். கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு என்று பிள்ளையின் கை நீள நீள மாற்ற வேண்டும், நரம்பு தேயும், வில்லுக்கு முடி மாற்ற வேண்டும். சேர்க்கிற அன்று ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

வில்லும்நாணும்:
வாடகைக்கு எடுக்கலாம் என்று சேர்க்கிற அன்றே நான் சொல்வதுண்டு. யாரும் காதில் வாங்குவதில்லை.

ராத்திரிகிடார்:
கிடாருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

வில்லும்நாணும்:
கிடாரிலும் அரை, முக்கால் அளவு உண்டு தம்பி. பெரியவனான பிறகு கற்றதால் உங்களுக்குத் தெரியவில்லை.

கறுப்புக்கட்டை:
61 கட்டை பற்றிக் கேட்டேன். அது இங்கே யாருக்கும் முக்கியமில்லை போல.

பழையவாசகி:
எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. பாட்டு கற்றால் பாட வரும், அது போதாதா? எதற்கு ஐக்யூ, எதற்கு 2.7? என் தம்பி மகன் இன்று வரை கணக்கில் சுமார்தான், ஆனால் வீட்டில் கூட்டம் சேர்ந்தால் அவன் வாசிப்பதைக் கேட்கத்தான் எல்லோரும் உட்காருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

பழையவாசகி:
நீங்கள் அதைச் சொல்லவில்லை. மேலே போய்ப் படித்துப் பாருங்கள், எண்ணும் கட்டணமும் தவிர நீங்கள் எதையும் எழுதவில்லை. என்னை உங்கள் பக்கம் சேர்க்க வேண்டாம்.

ஏழாம்சுரம்:
என் பக்கமும் வேண்டாம், "பாட வந்தால் போதும்" என்பது சோம்பேறிகளின் வாதம். மகளின் மதிப்பெண் பட்டியலை இங்கே போடட்டுமா?

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். கூடவே பக்கத்து வீட்டில் வயலின் தொடாத பிள்ளையின் பட்டியலும் வேண்டும், அதுதான் ஒப்பீட்டுக் குழு. வில்லும்நாணும் மேடம், அந்த அரை மணிக் கணக்கை நான் விடவில்லை. வாத்தியார் வராத நாளில் எங்கள் அரை மணியை நாங்கள் யாரிடம் விற்பது?

வில்லும்நாணும்:
உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் போய்க் கேளுங்கள். எனக்கு இப்போது வகுப்பு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
வகுப்பு முடிந்து வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.