ஊஃபர் ஓரம் பிசினாக உதிர்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதானா?

உப்புக்காற்று, கடலூர்:
1996இல் அப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த செட். கேசட், சிடி, ரேடியோ, இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. பரணில் கிடந்ததைப் பொங்கலுக்கு வீடு கழுவும்போது இறக்கினேன். புதுச்சேரி வானொலி பிடிக்கிறது, பேச்சு சுமாராகக் கேட்கிறது. தவில் வந்தால் மட்டும் தகர டப்பாவில் பட்டாணியைப் போட்டுக் குலுக்கியது போல டர்ர் என்கிறது. முன்வலையைக் கழற்றிப் பார்த்தால், ஊஃபரின், அதாவது பெரிய ஸ்பீக்கரின், காகிதக் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் தொட்ட இடத்தில் கறுப்பாக விரலில் ஒட்டுகிறது. பாதி ஏற்கெனவே கொட்டிவிட்டது. வீடு தேவனாம்பட்டினத்தில், கடல் பக்கம்தான்.

கடைத்தெருவில் காட்டினேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “கார் ஸ்பீக்கர் மாட்டித் தரேன்” என்றார். அப்பா காதில் விழுந்திருந்தால் அவ்வளவுதான். பெட்டிக்குப் பின்னால் 8 ஓம் என்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

காயில் கட்டி, புதுச்சேரி:
கார் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். அவை பெரும்பாலும் 4 ஓம். 8 ஓமுக்குச் செய்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் கரண்ட் கூடுதலாக இழுக்கும், சத்தம் ஏற்றினால் அதிலுள்ள ஐசி சிப் சூடாகிப் போய்விடும்.

அந்த ஃபோம் பாலியூரித்தேன். பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் காற்றின் ஈரத்திலேயே சிதையும். நம் பக்கப் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ஊஃபர் 6, 7 காட்டினால் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்தது, ஃபோம் மாற்றிப் பயனில்லை.

வளையம் ஜோடியாக ஆன்லைனில் கிடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் தேடலாம். ‘ஆறரை இஞ்ச்’ என்று வாய்க்கணக்கில் வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். கோனின் விட்டம், வளையம் ஒட்டும் வெளிச் சட்டத்தின் விட்டம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பழைய பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவும், பேப்பர் கோன் ஊறக் கூடாது. வெள்ளை ஃபெவிகால் போதும். உடனே இறுகும் பசை வேண்டவே வேண்டாம், நகர்த்த நேரம் தராது.

முதலில் கோனில் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். சட்டத்தில் ஒட்டும்போதுதான் விளையாட்டு. காயில் காந்தத்தின் இடுக்கில் நட்டநடுவே நிற்க வேண்டும். பசை காய்வதற்குள் 30 ஹெர்ட்ஸ் டோனை (தாழ்ந்த ஒற்றை ஒலி) மெதுவாக ஓட விட்டுக் காதை வையுங்கள். உரசினால் கோனை ஒரு மயிரிழை தள்ளுங்கள். உரசல் நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள்.

பழைய டெக், பண்ருட்டி:
ரப்பர் வளையம் போடலாமே, கடலோரத்தில் நீடிக்கும்?

காயில் கட்டி:
நீடிக்கும். ஆனால் ஃபோமைவிட விறைப்பு, கனமும் கூட. பேஸ் (தாழ்ந்த ஒலி) மாறும். போடுவதென்றால் இரண்டு பெட்டியிலும் ரப்பராகப் போடுங்கள்.

உப்புக்காற்று:
மீட்டர் 6.7 காட்டியது, ஃபோமே வாங்கினேன். பயத்தில் முதலில் இடது பெட்டி மட்டும் செய்தேன். ஒட்டியதும் ஒரு பக்கம் கரகர என்று உரசியது. ஈரத்தோடு பிரித்து, ஃபெவிகாலைத் துடைத்து மறுபடி ஒட்டினேன். காலையில் போட்டுப் பார்த்தால் தவில் தவிலாகக் கேட்கிறது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது பேலன்ஸ் குமிழை இடது பக்கம் கடைசி வரை திருப்பிவிட்டுப் போனார். வலதை இந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன்.