வெள்ளவத்தைக் கல்லுக்கடியில் இருந்தது ஸ்குவாட் லொப்ஸ்டரா?

மணல்வீடு:
கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கீழே உள்ள பாறைப் பக்கம், கடல் வற்றியிருந்த நேரம் கல்லொன்றைப் பிரட்ட, ஒட்டினாற்போல் ஒரு சப்பை நண்டு. முதுகு 1 சென்டிமீற்றர் அகலம், மண்ணிறம், அகன்ற கிடுக்கிகள், உடம்பைவிட நீண்ட மீசை. நடக்கும் கால் மூன்று சோடிதான் தெரிந்தது. பிடிக்கப் போக ஒரு கிடுக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. இது, பார்க்க நண்டுக்கும் சிங்க இறாலுக்கும் இடைப்பட்ட ஸ்குவாட் லொப்ஸ்டரா? படங்கள் இருக்கின்றன.

நண்டுக்கண்:
இல்லை, போர்ஸலின் நண்டு. பெரும்பாலும் பெட்ரோலிஸ்தெஸ் பேரினம்.

குழப்பம் நியாயமானதுதான். இரண்டும் சாதாரண நண்டல்லாத அனோமுரா கூட்டத்தில் நெருங்கிய சொந்தம். நீண்ட மீசையும் மூன்று சோடிக் காலும் இரண்டுக்கும் உண்டு. நான்காவதான கடைசிச் சோடி சிறுத்துப் பின்பக்கம் மடங்கிக் கிடக்கும், செவுளைத் துப்புரவாக்கத்தான் அது. ஆகவே முதுகையும் வாலையும் பாருங்கள். ஸ்குவாட் லொப்ஸ்டரின் முதுகு அகலத்தைவிட நீளம் கூட. குறுக்கே வரிவரியாகக் கோடுகள், கண்களுக்கு நடுவே நீட்டிய கூர், மெலிந்து நீண்ட கிடுக்கி. வால் கீழே வளைந்தாலும் மேலிருந்து பார்க்க அதன் முதல் வளையங்கள் தெரியும். போர்ஸலின் நண்டின் முதுகு வட்டம். வால் முழுவதும் மடிந்து உடம்போடு ஒட்டிவிடும். அந்த வாலின் நுனியில் ஒரு சிறு விசிறி இருக்கும். சாதாரண நண்டுக்கு அது இல்லை.

பாறைப்பாசி:
கால் எண்ணிக்கையை மட்டும் நம்பவேண்டாம். சாதாரண நண்டும் காலை இழக்கும், பிறகு மூன்று சோடிதான் மிஞ்சும். மீசை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள்: சாதாரண நண்டில் கண்களுக்கு இடையில், கட்டையாக, போர்ஸலின் நண்டிலும் ஸ்குவாட் லொப்ஸ்டரிலும் கண்ணுக்கு வெளிப்பக்கம்.

உயிரோடு கிடைத்தால் கண்ணாடிப் போத்தலில் கடல்நீர் விட்டு நிழலில் சில நிமிடம் வையுங்கள். போர்ஸலின் நண்டு வாயருகே உள்ள மயிர் விசிறிகளை மாறி மாறி வீசி நீரை வடிக்கத் தொடங்கும். வெயிலில் வைத்தால் நீர் சூடேறிச் செத்துவிடும். மேலே, முகம், அடி என்று மூன்று படம், பக்கத்தில் அளவு தெரிய அடிமட்டம். பிறகு கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள்; அடிப்பக்கம் வெயிலில் கிடந்தால் அதில் ஒட்டியிருப்பதெல்லாம் காய்ந்து போகும்.

தெஹிவளை டைவர்:
ஸ்குவாட் லொப்ஸ்டர் வேண்டுமென்றால் டைவ் அடித்து, இறகு போன்ற கைகளுள்ள ஃபெதர் ஸ்டார் என்ற கடலுயிர்களின் கைகளுக்கிடையில் தேடுங்கள். அலோகலதியா எலிகன்ஸ் என்ற ஸ்குவாட் லொப்ஸ்டர் இனம் அங்கேதான் குடியிருக்கும்; முதுகில் நீளவாக்குக் கோடு, நிறம் அநேகமாக ஃபெதர் ஸ்டாரைப் போலவே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் கலங்கியிருக்கும், போய்ப் பயனில்லை. மீன் கடையில் கிடைக்கும் கிடுக்கியில்லாத சப்பைச் சிங்க இறால் வேறு குடும்பம். அதன் மீசை தகடாக அகன்றிருக்கும்.

கரையில் தேடுபவர்களுக்கு: கூம்பு வடிவச் சங்கை உயிரோடு கையில் எடுக்கவேண்டாம், சில வகையின் கொட்டு ஆளைக் கொல்லும். பாறையில் படர்ந்த தோல் போன்ற பலிதோவா என்ற, பவளத்துக்குச் சொந்தமான உயிரையும் சுரண்டாதீர்கள். கடும் நஞ்சு.

மணல்வீடு:
அடிப் படத்தில் விசிறி தெரிகிறது, மீசையும் கண்ணுக்கு வெளியேதான். இனம் வரை போகலாமா?

நண்டுக்கண்:
நிறத்தை விடுங்கள். முதுகின் பக்க விளிம்பில் முள் உண்டா, கிடுக்கிக்குப் பின்னாலுள்ள மணிக்கட்டுத் துண்டின் முன்விளிம்பில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். கழற்றிப் போட்ட கிடுக்கி இன்னும் கையில் இருந்தால், அந்தத் துண்டும் சேர்ந்து வந்திருக்கிறதா பார்த்துப் பெரிதாக்கிப் படம் எடுத்துப் போடுங்கள்.