24 ரவுண்டு ஓடி வாங்கிய சான்றிதழ்

கெடிலக்கரை:

10,000 மீட்டர் ஓட்டத்தில் ரவுண்டு கணக்கு தப்புமா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். தப்பும். லேமினேஷன் போட்ட சாட்சி என் வீட்டு பீரோவில் இருக்கிறது.

2007, கடலூர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மண் டிராக், சுண்ணாம்புக் கோடு, மொத்தம் பதினோரு பேர். நான் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஈர மணலில் ஓடிப் பழகியவன். அங்கே கடலைப் பார்த்துக்கொண்டே போனால் தூரம் தெரியாது. மைதானத்தில் அப்படி இல்லை. 400 மீட்டரை 25 தடவை சுற்ற வேண்டும். அதே தண்ணீர் டிரம், அதே பந்தல், அதே கொடிக்கம்பம். பத்துக்கு மேல் போனால் இது பன்னிரண்டா பதின்மூன்றா என்று மண்டை குழம்பிவிடும்.

அதற்காகவே என் ஆயாவை, அதாவது பாட்டியை, கூட்டிப் போயிருந்தேன். பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையில் 25 எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். ஆயாவுக்கு எழுத்துதான் தெரியாது, நடவு ஆட்களுக்குக் கூலி எண்ணிக் கொடுத்த கை. முடிவுக்கோட்டுக்கு முந்தின வளைவில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் கடக்கும்போதெல்லாம் மடியிலிருந்து ஒரு கொட்டை தரைக்கு வரும்.

ஏழாவது ரவுண்டிலேயே முதலில் ஓடியவன் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். முதல் தடவை மானம் போன மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை, பின்னால் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ மண்ணைக் கொத்திக்கொண்டு வரும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாவது தடவை நானே ஒதுங்கி வழி விட்டேன். அவன் முடித்தபோது எனக்கு மூன்றரை ரவுண்டு பாக்கி.

கோளாறு அதற்கப்புறம்தான். பச்சை ஜெர்சி போட்ட ஒருவன் என்னைவிட ஏறக்குறைய ஒரு ரவுண்டு முன்னால் போய், சுற்றி வந்து என் தோளோடு சேர்ந்துகொண்டான். அவனுக்கு 25, எனக்கு 24. பார்க்கிறவர்களுக்கு இருவரும் ஒரே ஜோடி. "லாஸ்ட் லேப்!" என்று கத்தி மணி அடித்தார்கள். அவனுக்கு மட்டும் என்று நான் நினைத்தேன், இருவருக்கும் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். கோட்டைத் தாண்டி நான் பாட்டுக்கு ஓட, தொண்டர் பையன் ஒருவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "முடிஞ்சிடுச்சுண்ணா, வெளிய வாங்க, ரிலே நிக்குது."

அந்தப் பக்கம் வளைவிலிருந்து ஆயாவின் குரல்: "டேய், ஒரு கொட்ட மிச்சம் இருக்குடா!"

நடுவர்கள் மேசைக்குப் போய்ச் சொன்னேன். பேப்பரில் 25 டிக் இருக்கிறது என்றார்கள். "எங்க ஆயா எண்ணினாங்க சார்" என்றேன். சிரித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, புளியங்கொட்டையை எந்த ஊரில் அப்பீலுக்கு எடுப்பார்கள்?

சான்றிதழில் 36 நிமிடம் 42 விநாடி, ஐந்தாம் இடம். 25 ஓடியிருந்தால் 38-ஐத் தாண்டியிருக்கும். ஆறாவது என்று எழுதப்பட்ட பையன் நிஜமாகவே 25 ஓடினவன். அவனிடம் போய்ச் சொன்னேன். "விடுண்ணா, மூணுக்கு மேல எல்லாம் ஒண்ணுதான்" என்று ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். எனக்குத்தான் இன்னும் விட மாட்டேன் என்கிறது. பெஸ்ட் டைம் என்ன என்று யாராவது கேட்டால் வாய் வராது.

உப்பளத்துக்காரி:

அண்ணா, உங்களுக்கு ஒரு ரவுண்டு, எனக்கு ரெண்டு காலடி.

நான் புதுச்சேரி. விடிகாலையில் வண்டி விடாத நேரம் பீச் ரோட்டில் ஓடுவேன், மற்ற நாள் உப்பளம் மைதானம். ஒரு போட்டியில் 5,000 மீட்டர், பன்னிரண்டரை ரவுண்டு. உள்பக்கம் விளிம்புக் கட்டை கிடையாது, கோடு மட்டும். முன்னால் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி, நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். வெளியே வந்து ரெண்டாவது லேனில் ஓடலாம்தான். ஆனால் லேன் அகலம் 1.22 மீட்டர், அதிலேயே சுற்றினால் ரவுண்டுக்கு ஏழரை மீட்டருக்கு மேல் அதிகம். அந்தக் கஞ்சத்தனத்தில் உள்ளேயே ஒட்டிக்கொண்டு ஓடினேன். முன்னால் போனவள் திடீரென்று வேகத்தைக் குறைக்க, அவள் குதிகாலை மிதிக்காமல் இருக்க வளைவில் இடது காலைக் கோட்டுக்கு உள்ளே வைத்துவிட்டேன். ரெண்டு அடி. யாரும் பார்க்கவில்லை. மூன்றாவதாக வந்தேன்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் புதுக்கோட்டை லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓடும்போது கால் டிராக்குக்கு உள்ளே பட்டது என்று வெண்கலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தச் செய்தியை நான் சாப்பிட்டுக்கொண்டே டிவியில் பார்த்தேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய் ஷோகேஸில் இருந்த என் பதக்கத்தை எடுத்து அலமாரிக்குள் போட்டேன். அம்மா ஏன் என்று கேட்டாள். தூசி அடைகிறது என்றேன்.

பழைய பி.டி. மாஸ்டர்:

தம்பி, அந்த மேசைக்குப் பின்னால் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். தப்பு எங்கே நடந்தது என்று சொல்கிறேன்.

நீண்ட தூர ஓட்டத்தில் ரவுண்டு எண்ணும் ஒருவர் நான்கு பேருக்கு மேல் பார்க்கக்கூடாது என்பது விதி. பதினோரு பேர் ஓடினால் மூன்று பேராவது எண்ண வேண்டும். சின்னப் போட்டிகளில் ஒருவரே எல்லோரையும் பார்ப்பார், நடுவில் டீ வேறு வரும். இன்னொன்று, டிக் போடவே கூடாது. ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கடிகார நேரத்தை எழுத வேண்டும். நீங்கள் ரவுண்டுக்கு ஒன்றரை நிமிடம் ஓடுகிறவர். உங்கள் வரிசையில் ஒரு நேரம் கூடுதலாக விழுந்திருந்தால், நடுவில் எங்கேயோ ஒரு ரவுண்டை அரை நிமிடத்திலோ முக்கால் நிமிடத்திலோ ஓடின மாதிரி காட்டும். 10,000 மீட்டருக்கு நடுவில் அப்படி எவனும் ஓட முடியாது. பேப்பரே காட்டிக்கொடுத்திருக்கும். டிக் எதையும் காட்டாது, எல்லா டிக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

உங்கள் ஆயா ஒரே ஆளை எண்ணினார்கள், அதுதான் விஷயம். நானாக இருந்தால் அவர்களையும் மேசையில் உட்கார வைத்திருப்பேன்.

உப்பளத்துக்காரி:

அண்ணா, அந்த ஒரு கொட்டை என்ன ஆச்சு?

கெடிலக்கரை:

ஆயா விடவில்லை. "ஓடாம எப்படிடா கீழ வைக்கிறது?" என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். ரிலே எல்லாம் முடிந்து பந்தல் பிரிக்கும் நேரத்தில் அந்த ஒரு ரவுண்டுக்காக டிராக்கில் இறங்கினேன். ஷூவைக் கழற்றிவிட்டேன், கால் வேறு மரத்துப் போயிருந்தது. பாதிக்கு மேல் நடைதான். வளைவுக்கு வந்ததும் கடைசிக் கொட்டையைத் தரையில் வைத்தாள். அப்புறம் 25-ஐயும் ஒன்று விடாமல் எண்ணிப் பொறுக்கி முடிந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ், அவளுக்கு ஒரு டீ.